உயிரின் ரசாயனம் – 9: தானாகத் தொடங்காத நொதி

சென்ற வாரம், வாட்ஸனும் கிரிக்கும் 1953ஆம் ஆண்டில் கண்டுரைத்த இரட்டைச் சுருளின் அமைப்பையும், அதன் இரு இழைகளும் பிரிந்து ஒவ்வொன்றும் தனக்கு இணையான புதிய இழை ஒன்றை அடைகின்றது என்பதைக் கலிபோர்னியாவில் மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் கனத்த நைட்ரஜனைக் கொண்டு நிரூபித்த விதத்தையும் பார்த்தோம். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின் என்ற நியமம் இருக்கையில், ஓர் இழை கிடைத்தால் அதன் துணை இழையை எழுதிவிடலாம் என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் எழுதலாம் என்பது வேறு. எழுதுவது யார் என்பது வேறு. இரட்டைச் சுருளின் பேரழகில் திளைத்திருந்த அந்நாளில் இந்த இரண்டாவது கேள்வி பலருக்கு அவசரமானதாகத் தோன்றவில்லை. இப்பணிக்கென்று தனியே ஒரு நொதி வேண்டுமா, அல்லது முன்பே உருவாகி நிற்கும் இழையே நொதியின் காரியத்தையும் செய்துகொள்ளுமா என்பதை, வாட்ஸனும் கிரிக்குமே தங்கள் இரண்டாவது கட்டுரையில் தீர்மானமாகச் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் ஆர்தர் கோர்ன்பெர்க். நியூயார்க்கின் புரூக்ளினில் 1918இல் பிறந்து, மருத்துவம் பயின்று, யுத்த காலத்தில் சிறிது நாள் கப்பல் மருத்துவராகவும் இருந்து, பின்னர் நொதிகளின்மேல் எழுந்த தணியாத பற்றினால் ரசாயனத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்த அவர், 1953 முதல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவராக இருந்தார். உயிரணுவுக்குள் நிகழும் ரசாயன மாறுதல் எதுவாயினும், உயிரணுவை உடைத்துப் பெற்ற சாற்றிலும் அதை நிகழ்த்திக் காட்ட முடியும் என்பதும், அந்தச் சாற்றைப் படிப்படியாகச் சுத்தி செய்துகொண்டே போனால் கடைசியில் அந்தக் காரியத்துக்குக் காரணமான நொதி கைக்கு அகப்படும் என்பதும் அவருடைய அசையாத நம்பிக்கைகள்.

1955இல் அவர் செய்த பரிசோதனையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தகும். கதிரியக்கக் கார்பன் கலந்த தைமிடீனை ஈ.கோலி பாக்டீரியாவின் சாற்றில் இட்டு, அதில் எவ்வளவு டி.என்.ஏ.வாக மாறுகிறது என்று அளந்தார். இட்ட கதிரியக்கம் கருவியின் கணக்கில் பத்து லட்சம் என்றால், டி.என்.ஏ.வில் சேர்ந்தது ஏறத்தாழ 50 மட்டுமே. வேறொருவராயிருந்தால், பிழை என்று கருதி அந்த எண்ணைக் குறிப்பேட்டிலேயே புதைத்திருப்பார். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோது அந்த ஐம்பதும் மறைந்தது. ஆகவே உண்டானது டி.என்.ஏ.தான் என்று கோர்ன்பெர்க் முடிவு செய்தார். அந்தச் சாற்றில் அவர் முன்கூட்டியே சிறிது டி.என்.ஏ.வையும் சேர்த்து வைத்திருந்தார். புதிதாகப் பிறக்கும் சிறிதளவு டி.என்.ஏ.வைச் சாற்றில் உள்ள சிதைக்கும் நொதிகள் தின்றுவிடாதபடி, அவற்றுக்கு வேறு இரை கொடுப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அந்த டி.என்.ஏ.வோ அவர் எதிர்பாராத வேறு வேலைகளையும் செய்துகொண்டிருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது: அதன் ஒரு பகுதி சிதைந்து, அவர் இடாமல் விட்ட மற்ற எழுத்துகளைக் கொடுத்தது, எஞ்சியது, எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று காட்டும் மூல இழையாக நின்றது.

சுத்திகரிப்பு ஆண்டுக்கணக்கில் நடந்தது. லேமன், பெஸ்மன், சிம்ஸ் ஆகிய சகாக்களோடு, தாமும் ஒரு ரசாயன ஆய்வாளரான அவருடைய மனைவி சில்வியும் அதில் பங்கு கொண்டார். டி.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர் பெற்ற நொதியைப் பற்றிய இரு கட்டுரைகளை 1957இல் ஓர் அறிவியல் ஏட்டுக்கு அனுப்பியபோது, உண்டான பொருளை டி.என்.ஏ. என்று அழைக்க ஆசிரியர்களுக்கு உரிமை உண்டா என்றே பரிசீலித்தவர்கள் சிலர் ஆட்சேபித்தனர். கட்டுரைகள் 1958இல்தான் வெளிவந்தன. அதற்கு மறு வருஷமே நோபல் பரிசு வந்தது. அறிவியலில் அங்கீகாரத்துக்கும் மறுப்புக்கும் உள்ள தூரம் சில சமயங்களில் இவ்வளவு குறுகியது.

இனி, அந்த நொதியின் குணங்களைப் பார்ப்போம். அது நான்கு வகை எழுத்துகளையும், ஒவ்வொன்றும் மூன்று பாஸ்பேட்டுகள் பூண்ட வடிவில் எதிர்பார்க்கிறது. மூல இழையில் உள்ள எழுத்துக்கு இசைந்த எழுத்தைத் தேர்ந்து, வளரும் இழையின் நுனியில் சேர்க்கிறது. சேர்க்கும்போது இரண்டு பாஸ்பேட்டுகள் உதிர்ந்து, இணைப்புக்கு வேண்டிய சக்தியைத் தருகின்றன. இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடியே. ஆனால் மூன்று குணங்கள் விசித்திரமானவை. முதலாவது, மூல இழையும் எழுத்துகளும் தாராளமாக இருந்தாலும் அது எழுதத் தொடங்காது. மூல இழையோடு பொருந்தி நிற்கும் சிறிய இழை ஒன்று ஏற்கெனவே இருந்து, அதன் நுனி தனக்குக் கிடைத்தால் மட்டுமே அதை நீட்டும். இரண்டாவது, அது ஒரே திசையில்தான் செல்லும். மூன்றாவது, டி.என்.ஏ.வைக் கட்டும் அதே நொதிக்கு, நுனியிலுள்ள எழுத்தை வெட்டி எறியும் சக்தியும் இருக்கிறது. கட்டுகிறவனே இடிக்கிறவனாகவும் இருப்பது என்ன நியாயம் என்று ஆரம்பத்தில் சிலர் இதை நொதியில் கலந்த அசுத்தமாகவே எண்ணினார்கள். அசுத்தம் அல்ல, இம்மூன்று குணங்களும் ஒரே காரணத்தினின்று பிறந்தவை. அந்தக் காரணத்தை அறிய உலகம் பதினைந்து ஆண்டுக் காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே ஒரு பெரும் சோதனை வந்தது. 1967இல், ஸ்டான்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்திருந்த கோர்ன்பெர்க், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு வைரஸின் டி.என்.ஏ. முழுவதையும் சோதனைக் குழாயில் எழுதி, அது பாக்டீரியாவைத் தாக்கிப் பெருகும் வல்லமை உடையது என்று நிரூபித்திருந்தார். அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனே அதைப் பாராட்டிப் பேசினார். இரண்டே ஆண்டுகளில், கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஜான் கெய்ர்ன்ஸும் அவருடைய உதவியாளர் பவுலா டி லூசியாவும், ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் குடும்பங்களைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகச் சோதித்து, கோர்ன்பெர்க்கின் நொதி ஏறக்குறைய அறவே செயலிழந்த ஒரு வகையைக் கண்டெடுத்தார்கள். நொதி இல்லை; ஆனாலும் அந்தப் பாக்டீரியா தன் உடன்பிறப்புகளைப் போலவே வளர்ந்தது, பிளந்தது, பெருகியது. புற ஊதாக் கதிர்பட்டால் மட்டும் எளிதில் மாண்டது. அப்படியானால் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்குவது இந்த நொதி அல்ல. இது ஏதோ பழுது பார்க்கும் நொதி. பரிசு தவறான நொதிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்ற கண்டனங்கள் எழுந்தன.

இந்தக் கட்டத்தில் பிரவேசித்தவர் கோர்ன்பெர்க்கின் இரண்டாவது மகன் தாமஸ். அவர் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் செல்லோ வாத்தியம் பயின்றுகொண்டிருந்தவர். இடது கை விரலில் ஏற்பட்ட பாதிப்பினால் வாசிப்பை நிறுத்த நேர்ந்த அந்த வேளையில், ஆய்வுக்கூட அனுபவம் அதிகமில்லாத அந்த இளைஞர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மால்கம் கெஃப்டருடன் சேர்ந்து, கெய்ர்ன்ஸின் பாக்டீரியாவிலேயே டி.என்.ஏ.வை எழுதும் நொதியைத் தேடத் தொடங்கினார். 1970இல் இரண்டாவது பாலிமரேஸ், 1971இல் மூன்றாவது பாலிமரேஸ் கிடைத்தன. உயிரணுவின் டி.என்.ஏ.வை உண்மையாகவே இரட்டிப்பாக்குவது அந்த மூன்றாவது என்று தெளிவாயிற்று. ஓர் ஈ.கோலியில் முதல் பாலிமரேஸ் ஏறத்தாழ 400 மூலக்கூறுகள் இருக்க, மூன்றாவது பத்து இருபதுக்கு மேல் இராது. ஆனால் முதலாவது வினாடிக்கு இருபது எழுத்துகள் அளவில் நகரும்போது, மூன்றாவதோ ஆயிரம் எழுத்துகள் எழுதுகிறது. 46 லட்சம் எழுத்துகள் கொண்ட வட்டமான டி.என்.ஏ.வில், ஓரிடத்தில் தொடங்கி இரு புறமும் பிரிந்து செல்லும் இரு குழுக்கள், நாற்பது நிமிஷத்துக்குள் எதிர்ப்புறத்தில் சந்தித்துவிடுகின்றன.

கோர்ன்பெர்க்கைக் கண்டித்தவர்கள் அவசரப்பட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம். முதலில் கிடைத்த நொதி பிரதான நொதி அல்ல என்பது மெய். ஆனால் அந்த முதல் நொதியிடம் அவர் கண்ட குணங்கள், உயிரணுக்களின் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கும் பிரதான பாலிமரேஸ்கள் அனைத்திலும், பாக்டீரியா முதல் மனிதன் வரை, அப்படியே காணப்பட்டன. அவையும் ஒரே திசையில்தான் செல்கின்றன; அவையும் தாமாகத் தொடங்குவதில்லை.

ஒரே திசைதான் என்பதிலிருந்து ஒரு சங்கடம் விளைகிறது. இரட்டைச் சுருளின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசைகளை நோக்கியவை. சுருள் பிரிந்துகொண்டே போகும்போது, ஓர் இழையில் நொதி பிரிவின் போக்கிலேயே தடையின்றிச் செல்லலாம். மற்றோர் இழையில் அதற்கு நேர் மாறாகப் பின்னோக்கி அல்லவா எழுத வேண்டும்? நகோயாவில் ரெய்ஜி ஒகசாகியும் அவருடைய மனைவி சுனேகோவும் 1960களின் பிற்பாதியில் இதற்கு விடை கண்டார்கள். அந்த இரண்டாவது இழை தொடர்ச்சியாக எழுதப்படுவதில்லை. பாக்டீரியாவில் ஆயிரம் இரண்டாயிரம் எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் பின்னோக்கி எழுதப்பட்டு, பிறகு ஒன்றோடொன்று இணைக்கப்படுகிறது. ரெய்ஜி ஒகசாகி ஹிரோஷிமாவில் பிறந்தவர். அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு இளமையிலேயே ஆளானவர். 1975இல், நாற்பத்து நான்காம் வயதில், இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். டி.என்.ஏ. எவ்வாறு பிழையின்றிப் புதுப்பிக்கப்படுகிறது என்று ஆராய்ந்த ஒருவரின் உயிரை இவ்வாறு இழந்ததை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. சுனேகோ அம்மையார் ஆராய்ச்சியைக் கைவிடாமல் தொடர்ந்து, ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் என்ன இருக்கிறது என்பதை நிலைநாட்டினார்.

அங்கே இருந்தது டி.என்.ஏ. அல்ல, ஆர்.என்.ஏ.! இரட்டிப்பு நொதி தானாகத் தொடங்காது என்றால் ஒவ்வொரு துண்டையும் தொடங்கி வைப்பது யார் என்ற கேள்விக்கு அதுவே விடை. 1971இல் கோர்ன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் புரூட்லாக்கும் ஷெக்மனும், ஆர்.என்.ஏ.வை எழுதும் நொதியை மட்டும் முடக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தை இட்டபோது, எம்13 என்னும் வைரஸின் டி.என்.ஏ. இரட்டிப்பாவதும் நின்றுபோவதைக் கண்டார்கள். பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் இந்தப் பணியைப் பிரைமேஸ் என்ற தனி நொதி செய்கிறது: பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கை அது இட்டு விலக, மூன்றாவது பாலிமரேஸ் வந்து அதன் நுனியை நீட்டுகிறது. தறியில் பழைய பாவு தீர்ந்ததும், புதிய பாவின் இழைகளைப் பழையதன் நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே நெசவாளர் ஊடையை ஓட்டுவதைப் போல, இங்கும் முன்னிருந்த நுனியைப் பற்றிக்கொண்டே வேலை நடக்கிறது. பின்னர் அந்த ஆர்.என்.ஏ. துணுக்கை அகற்றி, அவ்விடத்தை டி.என்.ஏ.வால் நிரப்புவது யார்? கோர்ன்பெர்க்கின் அதே முதல் பாலிமரேஸ்! பயனற்றது என்று பலர் கைகழுவிய நொதிக்கு உரிய ஸ்தானம் இவ்வாறு திரும்பக் கிடைத்தது.

தொடங்கி, பின்பு தொடங்கியதை அழித்து, மீண்டும் நிரப்பி, இணைத்து – இத்தனை சிரமம் எதற்கு? நேராகத் தொடங்கக்கூடிய ஒரு டி.என்.ஏ. பாலிமரேஸை இயற்கை பிரதானமாக வைத்துக்கொள்ளாதது ஏன்? இந்தத் தொடரில் நான் எழுத விரும்பியவற்றுள் இந்தக் கேள்வி தலையாயது.

நொதி எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பிழை நேர்கிறது. மனித உயிரணு ஒவ்வொன்றிலும் சுமார் 640 கோடி எழுத்துகள். லட்சத்தில் ஒன்று என்றால் ஒவ்வொரு பிளவிலும் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பிழைகள் சேரும். எந்த வம்சமும் அப்படி நிலைக்க முடியாது. ஆகையால் நொதி, ஓர் எழுத்தைச் சேர்த்ததும் அடுத்ததற்குத் தாவுவதற்கு முன், தான் நிற்கும் நுனி மூல இழையோடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிறது. பொருந்தாத நுனி தளர்ந்து விலகி, நொதியின் வெட்டும் பகுதிக்குள் நழுவுகிறது. அங்கே தவறிய எழுத்து வெட்டப்பட்டு, மறுபடி எழுதப்படுகிறது. இதனால் பிழை கோடியில் ஒன்றாகக் குறைகிறது. நொதி சென்ற பின் வரும் வேறு திருத்தக் குழுக்கள் அதை நூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவருகின்றன. இப்பொழுது யோசித்துப் பாருங்கள்: சரியாகப் பொருந்திய நுனி இல்லாவிடில் முன்னேறமாட்டேன் என்ற நியமத்தைப் பூண்ட ஒரு நொதி, நுனியே இல்லாத வெற்றிடத்தில் எப்படித் தொடங்கும்? அதன் இயலாமையாகத் தோன்றுவது அதன் சத்தியத்தின் மறுபக்கமே.

ஒரே திசை என்பதும் இதனாலேயே. இணைப்புக்கு வேண்டிய சக்தியைப் புதிதாக வரும் எழுத்து தன் பாஸ்பேட்டுகளில் சுமந்து வருகிறது, பிழையான எழுத்தை வெட்டி எறிந்தாலும், அடுத்து வரும் எழுத்து தன் சக்தியோடு வரும், வேலை தடைப்படாது. எதிர்த் திசையில் வளர்வதாயிருந்தால், அந்தப் பாஸ்பேட்டுகள் வளரும் இழையின் நுனியில் அல்லவா இருக்க வேண்டும்? ஒரு பிழையை வெட்டிய அந்த க்ஷணமே சக்தியும் போய், நுனி செத்துவிடும். திருத்தும் உரிமையைக் காத்துக்கொள்ளவே நொதி ஒரு திசையைத் துறந்தது. அதனால் நேர்ந்ததே ஒகசாகியின் துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் பிறர் தொடங்கி வைக்கவேண்டிய அவசியமும் அதனாலேயே. தொடங்கி வைத்த துணுக்கு அவ்வளவு நம்பத்தக்கதல்ல என்பதனால், அது ஆர்.என்.ஏ.வால் ஆக்கப்பட்டு, பிற்பாடு அடையாளம் கண்டு அகற்றப்படுகிறது.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் சுபாவம் வேறு. ஜீன்களைப் படியெடுக்கும் இந்த நொதியை, 1959-60ஆம் ஆண்டுகளில் வைஸ், ஹர்விட்ஸ், ஆட்ரி ஸ்டீவன்ஸ், பானர் ஆகியோர் தனித்தனியே கண்டார்கள். கோர்ன்பெர்க்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒச்சோவாவின் நொதியோ, மூல இழை எதையும் பாராமல் எழுத்துகளைக் கோப்பது. உயிரணுவில் அதன் மெய்யான வேலை ஆர்.என்.ஏ.வைச் சிதைப்பதே என்று பின்னர்த் தெரிந்தது. ஆனாலும் மரபுக் குறியீட்டின் எழுத்துகளைப் படிப்பதற்கு அந்த நொதி ஆற்றிய உதவி அளவற்றது.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்குத் தொடக்கத் துணுக்கு தேவையில்லை. சிக்மா என்னும் துணைப் புரதத்தின் உதவியால் ஜீனின் முகப்பை அடையாளம் கண்டு, சுருளைச் சிறிது பிரித்து, முதல் இரு எழுத்துகளைத் தானே இணைக்கிறது. அதற்கும் அது எளிதன்று. பல முறை சில எழுத்துகள் எழுதி உதறிவிட்டு மறுபடி ஆரம்பித்த பின்னரே முகப்பைக் கடந்து நீளப் போகிறது. இதன் பிழை பதினாயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரை. திருத்தும் வழக்கம் ஓரளவு உண்டாயினும், இரட்டிப்பு நொதியின் கண்டிப்பு இதனிடம் இல்லை. அதனால் கேடு இல்லை. பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ. சில நிமிஷங்களில் அழிந்துபோவது. ஒரே ஜீனுக்குப் பல படிகள் எழுதப்படுகின்றன. ஒன்றில் வந்த பிழை அதோடு மறையும். டி.என்.ஏ.வில் வந்த பிழையோ சந்ததிக்குச் செல்லும்.

1959இல் தந்தையோடு ஸ்டாக்ஹோம் விழாவுக்குச் சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ரோஜர், கோர்ன்பெர்க்கின் மூத்த மகன். ஈஸ்டில் ஜீன்களைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை அணு அணுவாகப் படம் பிடித்து 2001இல் வெளியிட்டு, 2006இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றவர் அவர். அதைக் கண்ணாரக் கண்டுவிட்டு, ஆர்தர் கோர்ன்பெர்க் அடுத்த ஆண்டு, 2007இல், காலமானார்.

முடிப்பதற்கு முன், ரிஃபாம்பிசினைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வுக்கூடத்தில் தொடக்கத் துணுக்கின் ரகசியத்தை உணர்த்திய இதே மருந்துதான், க்ஷயரோகம் என்று நம் பாட்டன்மார் அஞ்சிய காசநோய்க்கு இன்று நம் மருத்துவமனைகளில் தரப்படுவது. சிறுநீரைச் செந்நிறமாக்குவது என்று நோயாளிகள் நன்கறிந்தது. அது கிருமியின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸில் ஒரு குழிவில் அமர்ந்து, இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் ஆர்.என்.ஏ. நீளாமல் தடுக்கிறது, மனிதனின் நொதியை அது தீண்டுவதில்லை. ஆனால் கிருமியின் டி.என்.ஏ. பாலிமரேஸும் எப்போதோ ஒரு முறை பிழை செய்யும்; அந்தப் பிழை அந்தக் குழிவைக் குறிக்கும் எழுத்துகளில் விழுந்தால், மருந்து அமர இடமின்றிப் போகும். மருந்தையே காணாத கிருமிகளிலும் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று இவ்வாறு மாறியிருக்கும். நுரையீரலில் விழுந்த ஒரு குழியிலோ அத்தனை கோடிக் கிருமிகள் வசிக்கக்கூடும். பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது இதனால்தான். நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று வழங்கும் சளிப் பரிசோதனை, அந்தக் குழிவைக் குறிக்கும் ஜீனின் 81 எழுத்துகள் கொண்ட சிறு பகுதியைத்தான், வேறொரு டி.என்.ஏ. பாலிமரேஸைக் கொண்டு பெருக்கிப் பார்க்கிறது.

ஆகவே இத்தொடரைப் படிப்பவர்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் வீட்டிலோ தெருவிலோ எவரேனும் காசநோய்க்கு மருந்து உண்பவராயிருந்தால், இருமல் நின்றது, பசி எடுக்கிறது என்று இரண்டாம் மாதத்தில் அதை நிறுத்திவிட விடாதீர்கள். மருத்துவர் குறித்த ஆறு மாதமும், ஒரு மருந்தையும் குறைக்காமல், அவர் உட்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.